வேரைத் தாங்கும் மண்

கோணிய பற்களை நேராக்குவதற்காகக் கட்டப்படும் கம்பியை மக்கள் ‘கிளிப்’ என்றே வழங்குகின்றனர். ஈராண்டு, சில வேளைகளில் மூவாண்டு, பற்களோடு பற்களாய் இருந்த அக்கம்பியை அகற்றும் நாள், அதனை அணிந்தவர்க்கு ஒரு சிறு விடுதலை நாளாகும். வைத்தியர் ஒரு குறட்டினால் ஒவ்வொரு பல்லிலும் ஒட்டியிருக்கும் சிறு உலோகத் துண்டை மெல்ல நெரிக்கிறார். அது பல்லைவிட்டுப் பெயர்கிறது. எஞ்சிய பசையைச் சுழலும் கருவியால் தேய்த்து நீக்குகிறார். பின்னர் நாக்கு பற்களின்மீது ஓடிப் பார்த்து, நெடுநாள் மறந்திருந்த வழவழப்பை மீண்டும் அறிகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியது என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இந்நாள், இன்று முப்பது வயதினருக்கும் நாற்பது வயதினருக்கும், அவர்களினும் மூத்தோருக்கும் வாய்க்கிறது.

வளர்ந்தவர் வாயில் இச்சிகிச்சை நிலைபெற வேண்டுமாயின், கம்பியின் தரத்தினும் வைத்தியரின் கைத்திறனினும் முதன்மையான ஒன்று அங்கே இருத்தல் வேண்டும். அது பல்லின் வேரைத் தாங்கி நிற்கும் எலும்பும், அதனைப் போர்த்திருக்கும் ஈறுமாகும். ஈற்றினை ஈழத்தார் முரசு என்பர். இவ்வெலும்பு எவ்வயதில், எவ்வளவு விரைவில், எத்தகையோருக்குத் தேய்கின்றது என்பதைப் பல் மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில், நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாப் பகுதியில் உள்ள இரு தேயிலைத் தோட்டங்களுக்குப் பெரியதோர் இடம் உண்டு. அவ்விடம் எவ்வாறு உண்டாயிற்று, அதற்காக அத்தோட்டத்து மக்கள் கொடுத்தது யாது என்பது மலையகத்திலேயே பலர் அறியாத செய்தியாகும்.

பல்லை நகர்த்தலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சசு என்னும் ஆசிரியர், பாற்பல் விழுமுன் புதுப்பல் முளைத்துவிடின், பாற்பல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுப்பல்லை அதன் இடத்தை அடையும்வரை நாள்தோறும் விரலால் தள்ளிவர வேண்டும் என்று எழுதினார். 1728-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷார், பற்களை வளைந்த உலோகத் தகடொன்றில் நூலாற் கட்டி ஒழுங்குபடுத்தும் முறையை விளக்கினார். 1899-இல் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் வகைகளை வகுத்துக் காட்டினார். இன்றைய பற்கம்பிக் கலையின் தந்தை என அவரையே கூறுவர்.

நகரும் பல்லைச் சுற்றி எலும்பில் நிகழ்வது என்ன என்பதை முதன்முதலில் நுண்காட்டியிற் கண்டு விளக்கியவர் சுவீடன் நாட்டுக் கார்ல் சான்ட்ஸ்டெட் ஆவார். 1904-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, பல் எப்பக்கம் அழுத்தப்படுகிறதோ அப்பக்கத்து எலும்பு கரைகின்றது என்றும், எப்பக்கம் நார்கள் இழுபடுகின்றனவோ அப்பக்கத்தில் புது எலும்பு உண்டாகின்றது என்றும் காட்டிற்று. பல், கல்லில் அறைந்த ஆணி அன்று. உயிருள்ள மண்ணில் வேரூன்றிய செடி போன்றது. கம்பி செடியை இழுக்கிறது. வழிவிடுவதும் மீண்டும் பற்றிக்கொள்வதும் மண்ணின் வேலை.

கம்பியைப் பூட்டும் முறையும் காலந்தோறும் மாறிற்று. முன்னாளில் ஒவ்வொரு பல்லையும் முற்றிலும் சூழுமாறு உலோக வளையம் இட்டுக் காரையால் ஒட்டினர். சிகிச்சை முடிந்து வளையங்களைக் கழற்றிய பின்னர், அவற்றின் தடிப்பளவுக்குப் பற்களிடையே சிறு சந்துகள் எஞ்சி நிற்கும். 1955-இல் மைக்கேல் புவோனோகோர் என்பார், பல்லின் மிளிரியை மென்மையான அமிலத்தால் சற்றே அரித்துவிட்டால் பசை உறுதியாகப் பற்றும் எனக் கண்டார். அதன் பயனாகப் பிற்காலத்தில் உலோகத் துண்டுகளைப் பல்லின் முகத்திலேயே நேராக ஒட்டவும், வேண்டியபோது பெயர்த்தெடுக்கவும் இயன்றது. கம்பியுடன் தொழிலுக்குச் செல்லும் வளர்ந்தோர் பெருகியதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணமாகும்.

கம்பி கழன்றதோடு கதை முடிவதில்லை. ஒஸ்லோ நகரத்து அறிஞர் கோரே ரைட்டான் 1967-இல் வெளியிட்ட விலங்காய்வொன்றில், பல்லைத் திருப்பி நிறுத்தி 232 நாட்கள் சென்ற பின்னரும் ஈற்றின் மேற்பகுதி நார்கள் பழைய திசைக்கே இழுபட்டு நின்றதைக் காட்டினார். பல் மறக்கினும் நார் மறப்பதில்லை. ஆதலினாலேயே, கம்பியை அகற்றியவுடன் கழற்றி மாட்டும் தகடொன்றை அணியுமாறோ, பற்களின் பின்புறம் மெல்லிய நிலைக்கம்பி ஒன்றை ஒட்டிக்கொள்ளுமாறோ வைத்தியர் கூறுகின்றனர். வளர்ந்தோரிற் பலருக்கு இக்காவல் ஆயுட்காலம் முழுவதும் வேண்டப்படுகிறது.

வளர்ந்தோருக்கு மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு எனின், அவர்களுள் பலர் எலும்பில் ஒரு பகுதியை முன்னரே இழந்தவர்கள். நடுவயதில் ஒருவருடைய முன்பற்கள் மெல்ல விலகி முன்தள்ளி, இடையே சந்து தோன்றுவதை நாம் கண்டிருப்போம். பற்கள் தாமாக வழிமாறுவதில்லை. அடியில் இருந்த எலும்பு குறைந்துவிட்டமையால் உதட்டின் அழுத்தத்தையும் நாவின் தள்ளுதலையும் தாங்கமாட்டாமல் சாய்கின்றன. 1977-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் விலங்குகளில் நடத்திய பரிசோதனை, அழுக்குப் படிந்த பல்லைச் சாய்த்து நகர்த்தினால் அவ்வழுக்கு முரசின் கீழே புகுந்து எலும்பை மேலும் அழிக்கக்கூடும் எனக் காட்டிற்று. எனவே முதலில் முரசு நோயை அடக்க வேண்டும், பின்னரே கம்பி. முரசு மீண்டும் புண்பட்டுச் சிகிச்சைக்கு அடங்காதுவிடின், வேலை முடியுமுன்னரே கம்பியைக் கழற்றிவிடவும் நேரிடும்.

தேயிலை மலையில் வேலை செய்தோருக்கு இதனை விளக்குவது எளிது. சரிவான மலையில் கான் வெட்டாது விட்டால், ஒவ்வொரு பருவமழையும் சிறிது மண்ணைக் கொண்டு போகும். செடி முதலில் பசுமையாகவே நிற்கும். சில ஆண்டுகளில் வேர் வெளியே தெரியும். பின்னர் ஒருநாள் கை வைத்தால் செடி ஆடும். பல்லின் கதையும் இதுவே. நோவின்றி மண் போகிறது. ஆட்டம் கண்ட பின்னரே மனிதன் அறிகிறான்.

அம்மண் போகும் வேகத்தை அளந்தவர் எவரும் 1960-களின் இறுதி வரை இலர் எனலாம். முதுமை வரப் பல் விழும். அது நரை போன்றது என்பதே உலகெங்கும் பரவியிருந்த எண்ணம். 1965-இல் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய துணைவரும் டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தனர். நலமான முரசுடைய பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் முரசு வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது தணிந்தது. பல்லிற் படியும் மென்படலமே முரசு வீக்கத்தின் காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டது. ஆயின், வீங்கிய முரசு எப்பொழுது எலும்பழிவாக மாறுகின்றது, எல்லோருக்கும் மாறுகின்றதா என்னும் வினாக்கள் எஞ்சின. மூன்று வாரம் அவற்றுக்குப் போதாது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும்.

இலங்கை இத்துறைக்குப் புதிய நாடன்று. 1967-இல் ஜென்ஸ் வேர்ஹாக் என்னும் மற்றொரு நோர்வே அறிஞர், இலங்கையில் முரசு நோயின் பரவலை வயது, உணவு, வெற்றிலை, புகையிலை, பொருளாதார நிலை ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆய்ந்து வெளியிட்டிருந்தார். லோவும் அவருடைய துணைவரும் வகுத்த திட்டமோ வேறு வகையது. ஒரே நாளிற் பலரைப் பார்ப்பதற்குப் பதிலாக, அதே மனிதரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்ப்பது அதன் நோக்கம். அதற்கு இரு கூட்டத்தார் தேவைப்பட்டனர். முதற் கூட்டம், 1969-இல் ஒஸ்லோவில் தெரிவு செய்யப்பட்ட 565 மாணவரும் கல்வியாளருமாவர். அந்நகரத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயது முதல் பதினாறு வயது வரை ஒழுங்கான பற்சிகிச்சை அளிக்கப்பட்டு வந்தது. உலகில் பற்பராமரிப்பு மிக நிறைவாகக் கிடைத்த இடங்களுள் அது ஒன்று.

இரண்டாங் கூட்டம் அதற்கு நேர்மாறாய் இருத்தல் வேண்டும். பல்வைத்தியரையும் பற்றூரிகையையும் அறியாத, ஆயினும் உடல் நலமுள்ள இளைஞர், இடம்பெயராது ஒரே இடத்தில் வாழ்வோராய் இருத்தல் வேண்டும். 1970-ஆம் ஆண்டில் அத்தகையோர் 480 பேர் கிடைத்தனர். அவர்கள் டன்சினன், ஹரோ என்னும் இரு தோட்டங்களின் ஆண் தொழிலாளர். 14 வயது முதல் 31 வயது வரையினர். நோயைத் தடுக்கவோ தீர்க்கவோ எத்தகைய பற்பராமரிப்புத் திட்டமும் அவர்களை எட்டியதில்லை என்று ஆய்வுக் கட்டுரைகளே கூறுகின்றன.

டன்சினன் என்பது சேக்சுபியரின் மக்பெத் நாடகத்தில் வரும் ஸ்கொத்லாந்துக் குன்றின் பெயர். அந்நாட்டுத் துரைமார் தம் ஊர்ப்பெயர்களை மலைநாட்டுக்குக் கொண்டுவந்து சூட்டிய காலத்தின் எச்சம் அது. பெயரைக் கடல்கடந்து கொண்டுவந்தவர்கள், வேலையாட்களையும் கடல்கடந்தே கொண்டுவந்தனர். 1830-களில் பரவிய கோப்பித் தோட்டங்களுக்குத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்சு டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869-இல் கோப்பியை இலைநோய் பற்றியது. அதன்பின் மலைகள் தேயிலைக்கு மாறின. மக்கள் லயங்களிலேயே தங்கினர்.

வேம்பும் கருவேலும் வறண்ட சமவெளியின் மரங்கள். ஊரில் காலை எழுந்ததும் குச்சியொடித்துப் பல் துலக்கிய வழக்கம், அம்மரங்கள் செழிக்காத குளிர்மலையில் தன் பற்றுக்கோட்டை இழந்தது. அவர்களோடு மலையேறிவந்து நிலைத்த வாய்ப்பழக்கம் வெற்றிலையாகும். பிரட்டுக்களத்துக் குளிருக்கும், மழையில் நனைந்து செய்யும் கவ்வாத்து வேலைக்கும், வயிற்றின் வெறுமைக்கும் அது துணையாயிற்று.

தோட்டத்தில் மருத்துவமே இருக்கவில்லை என்பது உண்மையன்று. 1872-இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1912-இல் அது விரிவாக்கப்பட்டது. தோட்டங்களில் மருந்து நிலையங்கள் தோன்றின. அங்கிருந்த மருத்துவ உதவியாளரைத் தொழிலாளர் ‘டாக்டரையா’ என்று அழைத்தனர். 1916-இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கிற்று. ஆயின் இம்மருத்துவத்துக்கு ஒரு நோக்கு இருந்தது. தோட்டத்தைக் காலியாக்கும் வாந்திபேதியையும் அம்மையையும், உழைப்பைக் குறைக்கும் கொக்கிப்புழுவையும் அது தேடிச் சென்றது. பல் ஆடும் ஒருவன் பிரட்டுக்கு வருகிறான், மலைக்குப் போகிறான், நாட்பேர் விழுகிறது. ஆகவே அவனுடைய பல், கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை. நோவு தாங்காதபோது பல்லைப் பிடுங்குவதே மருந்தாயிற்று.

நாட்டின் பிற பகுதிகளில் பல் மருத்துவம் வளர்ந்த காலமும் அதுவே. 1943-இல் கொழும்பில் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. 1950-களில் அது மலைநாட்டு வாயிலாகிய பேராதனைக்கு இடம் மாறிற்று. அதே பத்தாண்டில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு, பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பேணும் தாதியருக்கு மகரகமவிற் பயிற்சி அளிக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகளோ 1970-கள் வரை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின், அப்பிள்ளைகளின் பெற்றோரிற் பெரும்பாலோர் எந்நாட்டுக்கும் உரியரல்லாதோர் ஆயினர். ஒஸ்லோப் பிள்ளைக்கும் டன்சினன் பிள்ளைக்கும் இடையே இருந்த வேறுபாட்டை இயற்கை உண்டாக்கவில்லை. ‘முரசு நோயின் இயற்கை வரலாறு’ என்று ஆய்வாளர் தம் கட்டுரைகளுக்குப் பெயரிட்டனர். மருத்துவ மொழியில் அப்பெயர் பொருத்தமானதே. தலையீடு இன்றி நோய் செல்லும் வழி என்பது அதன் பொருள். மலையக வரலாற்றை அறிந்தவர்க்கோ, அத்தலையீடின்மை சட்டத்தாலும் நிர்வாகத்தாலும் நூறாண்டுகளாக உருவாக்கப்பட்டது என்பது தெரியும்.

சோதனை எளிய முறையில் நடந்தது. மில்லிமீற்றர் அளவு பொறித்த மெல்லிய கருவியைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே செலுத்தி, பல்லைப் பற்றியிருக்கும் நார்கள் எவ்வளவு கீழிறங்கியுள்ளன என அளந்தனர். கடைவாய் ஞானப்பற்களைத் தவிர மற்றெல்லாப் பற்களும் அளக்கப்பட்டன. 1970, 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நிகழ்ந்தது. அளவு மாறுபடாதிருக்க, தொடக்கம் முதல் முடிவு வரை அதே இருவரே அளந்தனர்.

முதல் ஒப்பீடு 1978-இல் வெளிவந்தது. நாற்பது வயதை அணுகும்போது நோர்வே நாட்டவர் இழந்திருந்த பற்பிடிப்பு, சராசரி 1.5 மில்லிமீற்றரைச் சற்றே மிஞ்சியது. தோட்டத் தொழிலாளர் இழந்தது 4.5 மில்லிமீற்றர். பற்களின் இடைப்பக்கத்தில் ஒஸ்லோவில் ஆண்டுக்கு 0.08 மில்லிமீற்றரும், பூண்டுலோயாவில் 0.30 மில்லிமீற்றரும் போயின. ஆண்டுக்கு ஒரு நூலிழையளவே ஆயினும், இருபது ஆண்டில் அது ஒரு பல்லின் வாழ்வையும் வீழ்ச்சியையும் தீர்மானிக்கப் போதுமானது.

1986-இல் வெளிவந்த இரண்டாவது பெருங்கட்டுரையே உலகை வியக்கச் செய்தது. தொழிலாளர் அனைவருடைய பற்களிலும் படலமும் பற்காறையும் ஒரே வகையாக நிறைந்திருந்தன. ஏறத்தாழ எல்லா முரசும் வீங்கியிருந்தது. ஆயினும் விளைவு ஒன்றாக இல்லை. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு அழிவு மிக விரைவாய்ச் சென்றது. 35 வயதில் அவர்கள் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும் இழந்திருந்தனர். 45 வயதில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. அவ்வயதில் அவர்களின் பற்பிடிப்பு இழப்பு சுமார் 13 மில்லிமீற்றர். ஒரு முன்பல்லின் வேர் ஏறத்தாழ அவ்வளவு நீளமே உடையது. 81 விழுக்காட்டினருக்கு அழிவு நடுத்தர வேகத்தில் நடந்தது. அவர்கள் 45 வயதில் சராசரி 7 பற்களை இழந்தனர். எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கோ, முரசு வீக்கத்துக்கு அப்பால் நோய் செல்லவேயில்லை. பற்கள் நிலைத்து நின்றன. அம்மக்களிடையே பற்சொத்தை ஏறக்குறைய இல்லாமையால், விழுந்த பற்கள் முரசு நோயினாலேயே விழுந்தன என்பதும் தெளிவாயிற்று.

முதுமையே பல்லை வீழ்த்துகின்றது என்னும் பழைய எண்ணம் இதனால் தகர்ந்தது. இருபது வயதிலேயே பல்லிழக்கத் தொடங்கியவரும், நாற்பத்தைந்திலும் முழு வரிசையோடு நின்றவரும் ஒரே லயத்துச் சூழலில், ஒரே உழைப்பில், ஒரே அழுக்கோடு வாழ்ந்தனர். நோய்க்குப் படலம் வேண்டும். ஆனால் அதன் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே யார் விரைவாக இழப்பவர் என்பதை இளமையிலேயே அறிந்து காப்பதே மருத்துவத்தின் கடமை. 2018-இல் வெளியிடப்பட்ட பன்னாட்டு வகைப்பாட்டில் முரசு நோயை மெதுவானது, நடுத்தரமானது, விரைவானது என மூன்று தரமாகப் பிரித்திருப்பதைக் காணும்போது, அம்மலையில் கண்ட மூன்று கூட்டத்தாரும் நினைவுக்கு வருவர்.

1970-இல் 480 பேராய் இருந்தோர், 1985-இல் 161 பேராயினர். அப்பதினைந்து ஆண்டுகளில் மலையகத்தில் நிகழ்ந்தவை சிறியன அல்ல. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களைக் கொடிதாய்த் தாக்கிற்று. 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977-இலும் 1983-இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. ஓர் அட்டவணையில் எண் குறைவது, வாசிப்போருக்கு வெறும் கணக்கு. லயத்தில் அது பூட்டிய காம்பராவாகவும், தலைமன்னார்த் துறைவரை சென்று திரும்பிய உறவினராகவும் இருந்திருக்கும்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010-இல் மீண்டும் ஆய்வாளர் அங்கே சென்றபோது, முதற் கூட்டத்தாருள் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. இளைஞராய் வாய் திறந்து காட்டியோர் இப்போது முதியோராய் இருந்தனர். நாற்பதாண்டில் அவர்கள் இழந்த பற்கள் ஒன்றுமில்லை என்பது முதல் 28 வரை இருந்தன, சராசரி 13. 2017-இல் வெளிவந்த அம்முடிவுகளில் ஒன்று, வளர்ந்தோர் அனைவரும் அறியத்தக்கது. முப்பது வயதில் பற்பிடிப்பு இழப்பு ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றருக்கு உட்பட்டிருந்தவரே, அறுபது வயதில் 20 பற்களேனும் உடையவராய் இருக்கும் வாய்ப்பு மிகுந்தவராயினர். முப்பது வயதில் அளந்தால் அறுபதின் வாய் ஓரளவு தெரியும் என்பது இதன் சாரம்.

இன்று ஒரு வளர்ந்தவர் பல்லை நேராக்க விரும்பிச் சென்றால், நல்ல வைத்தியர் கம்பியை எடுக்குமுன் அதே மில்லிமீற்றர்க் கருவியை எடுக்கிறார். ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளக்கிறார், எண்களைக் குறிக்கிறார், இவருடைய வயதுக்கு இவ்விழப்பு மெதுவானதா விரைவானதா என ஆராய்கிறார். கம்பியை அகற்றும் நாளிலும் அவ்வளவு மீண்டும் பார்க்கப்படுகிறது. அவ்வெண்களுக்குப் பொருள் கற்பித்த மூலங்களுள் ஒன்று, பல் துலக்கும் தூரிகையையே அறியாதிருந்த 480 தொழிலாளரின் வாய்களாகும்.

இதில் ஒரு கடன் உண்டு. ஆய்வாளர், இருந்த சிகிச்சையை மறைத்து வைத்தனர் என்று கூறுதல் நியாயமன்று. அவர்கள் வருமுன்னரே அது அங்கு இருக்கவில்லை. ஆயினும் நோயின் வழியை அறிந்தோர் முன்னிலையில், அறியாதோரின் பற்கள் பதினைந்து ஆண்டுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன என்பதையும் மறுத்தல் இயலாது. மனிதர்மீது நடத்தும் ஆய்வுக்குரிய அறநெறிகளை உலக மருத்துவச் சங்கம் 1964-இலேயே ஹெல்சிங்கியில் வகுத்திருந்தது. அந்நெறிகள் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டுக் கடுமையாயின. இன்று அத்தகையதோர் ஆய்வு, உதவி எதுவும் அளியாது வெறுமனே பார்த்திருப்பதாய்த் தொடங்க அனுமதி பெறுதல் அரிது. அவ்வாறாயின் அந்த 480 பேரின் பதிவு மீண்டும் ஒருபோதும் கிடைக்காதது. அதனாலேயே அதன் மதிப்பும் அதன் பாரமும் ஒருங்கே பெருகுகின்றன.

மலையகம் அக்காலம் போல் இல்லை. 2003-ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை அளித்தது. ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் 2017-இல் புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. டன்சினன் தோட்டத்திலேயே 2018-இல் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 தனி வீடுகள் மக்களிடம் கையளிக்கப்பட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் பற்றூரிகையைப் பிடிக்கிறார்கள். நகரங்களில் தொழில் பார்க்கும் அவர்களிற் சிலர் பற்களில் கம்பியும் அணிகிறார்கள். பேராதனைப் பல் வைத்தியசாலையில் தோட்டத்துப் பெயர்களைக் கொண்ட நோயாளர் காத்திருக்கும் காட்சி இப்போது புதுமையன்று. ஆயினும் இனிப்பும் பொதிகளில் விற்கும் பாக்கும் லயத்துக் கடை வரை எட்டிய வேகத்தில், பல்வைத்தியர் எட்டவில்லை.

டன்சினன் பிள்ளையொருத்தி வளர்ந்து, முப்பது வயதில் தன் பற்கம்பியைக் கழற்றிக்கொள்ளும் நாளை எண்ணிப் பார்க்கலாம். கண்ணாடியில் வரிசை நேராகத் தெரியும். வைத்தியர் அவளுடைய முரசை அளந்து, எண் சிறியதாக இருக்கிறது, கவலை இல்லை என்பார். அவ்வெண் சிறியதென்று எவ்வாறு தெரியும் என அவள் கேட்பாளாயின், அதற்குரிய விடையின் ஒரு பகுதி அவளுடைய பாட்டனாரின் வாயில் இருந்தது.